இரும்புச் சத்தியமும் பேரில்லாத பிள்ளையும்

கிட்ட வா. இன்னும் கிட்ட. காலைப் போர்வைக்குள்ள இழு, வெளிய நீட்டாதே. இன்னிக்குக் கதையில ரொம்பக் குளிரு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். உன் "ம்" நின்னா கதையும் நடு ரோட்டுல நின்னுடும், பாத்துக்க.

ம்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. எந்த ஊருன்னா ஸ்காட்லாந்து. கப்பல் ஏறி, கடல் தீந்துச்சுன்னு நெனச்சா அப்புறமும் ஒரு கடல் வரும், அதையும் தாண்டினா மலையும் ஏரியுமா ஒரு நாடு. வெயிலு அங்க சம்பந்தி மாதிரி. வரும், வந்ததும் கெளம்பணும் கெளம்பணும்னு நிக்கும். அந்த ஊரு ஆம்பளைங்க எல்லாம் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்குவாங்க.

சிரிக்காதே. அவங்க எதிர்ல சிரிச்சா வெட்டிடுவாங்க.

அங்க எல்லாரும் கூட்டம் கூட்டமா இருப்பாங்க. குலதெய்வம் கோயில்ல பொங்கல் வெக்கறப்போ நம்ம பங்காளிங்க எல்லாம் ஒண்ணு கூடறாங்கல்ல, அந்த மாதிரி. ஆனா இவங்க பொங்கலுக்கு மட்டும் இல்ல, எப்பவும் ஒரே கூட்டம். ஒருத்தனைத் தொட்டா அத்தனை பேரும் வருவாங்க.

பள்ளிக்கூடத்துல உன் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து எழுதறியே, அது யாரு?

அப்பா.

ஆங். அவங்க அப்படி ஒத்தை எழுத்தா சுருக்க மாட்டாங்க. அப்பனுக்கு அப்பன், அவனுக்கும் அப்பன்னு போய், மொதல்ல வந்த தாத்தன் பேரையே வெச்சுக்குவாங்க. அதுக்கு முன்னாடி "மக்"னு ஒரு சொல்லு சேரும். மக்னா என்ன தெரியுமா? மகன். நெசமாத்தான்டி! நாம மகன்னு முழுசா சொல்றோம், அவங்க வாயில குளிரு பூந்துடும்னு பாதியிலயே மூடிக்கறாங்க. ஏரன்னு ஒரு தாத்தன் வழியில வந்தவன் மக்-ஏரன். டோர்வன்னு ஒரு தாத்தன் வழியில வந்தவன் மக்-டோர்வன்.

பொண்ணா இருந்தா?

கேட்டியே ஒரு கேள்வி! பொண்ணுன்னா "நிக்".

நிக்கா?

நிக். இன்னாரோட மகள்னு அர்த்தம். மறந்துடாதே. மறக்கற மாதிரி இருந்தா நிக்கிறது, உக்கார்றது, அந்த நிக்குன்னு நெனச்சுக்கோ.

ம்.

ஏரிக்கரையில மக்-ஏரன் கூட்டம். மலை மேல மக்-டோர்வன் கூட்டம். ரெண்டுக்கும் ஆகாது. எதுக்குச் சண்டைன்னு கேட்டா ஒருத்தன் மாடுங்கறான், இன்னொருத்தன் "மாடு இல்லப்பா, மாட்டு மேய்ச்சல்"ங்கறான், ஒரு கிழவி "அதெல்லாம் இல்ல, ஒரு கல்யாணத்துல மரியாதை பண்ணலை"ங்கறா. ஆனா வெட்டுக்குத்து மட்டும் யாரும் மறக்கலை.

மலைக் கூட்டத்துக்குத் தலைவன் பேரு ருவாரி. செவத்த தாடி. அவன் அண்ணனை ஏரன் கூட்டத்தாளுங்க ஏரியில தள்ளிக் கொன்னுட்டாங்க. அண்ணனைத் தூக்கி வெளிய போட்டதும் ருவாரி என்ன செஞ்சான்? இடுப்புக் கத்தியை உருவினான், ஷ்ர்ரிங்! இரும்பு மேல கையை வெச்சான். கூட்டம் பூராவும் பாக்குது. "இந்த மலைக்கும் அந்த ஏரிக்கும் நடுவுல மக்-ஏரன்னு ஒரு உசுரு மூச்சு விடாது. விட்டா இதே இரும்பு என் நெஞ்சுல ஏறட்டும்."

இரும்பு மேல சத்தியம் பண்ணிட்டா அங்க திருப்ப முடியாது. பண்ணினவனே திருப்பினாலும் இரும்பு திரும்பாது. மீறினவன் கத்தி அவனையே தேடி வரும்னு ஊரே நம்பும்.

அப்புறம் ஒரு குளிர்காலம் மலைக்கூட்டம் எறங்கி வந்துச்சு. தட தட தடன்னு. ஏரிக்கரையில கூரை எல்லாம் எரிஞ்சுது. மக்-ஏரன் ஆம்பளைங்க ஒருத்தர் பாக்கி இல்ல.

பாக்கியானது ரெண்டே உசுரு. தலைவன் பொண்ணு மார்சலி. அவ தம்பி, பொறந்து கொஞ்ச நாளான பச்சை மண்ணு. அவங்கம்மா ஓடி வர்ற வழியில, பாறை மறைவுல, பிள்ளையை மார்சலி கையில குடுத்துட்டு, "இவன் ஒருத்தன்தான்டி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் பேசலை.

ம்... பாப்பா பேரு என்ன?

பேரு இல்லை. அந்த ஊர்ல பாதிரியார் வந்து தலையில தண்ணி தொட்டு வெச்சாத்தான் பேரு. பனி கொட்டிக் கெடக்கு, பாதிரியாரால வர முடியலை. பேரு இல்லாத பிள்ளை. இதையும் ஞாபகத்துல வெச்சுக்க.

ம்.

மார்சலி தம்பியைக் கம்பளியில சுத்தி மாரோட கட்டிக்கிட்டா. நடக்கறா, பனி முழங்கால் வரைக்கும். சரக், சரக். பின்னாடி தேடறவங்க கொம்பு ஊதறாங்க, பூம்... பூம்... பிள்ளை அழுதா செத்தாங்க ரெண்டு பேரும். அதனால சுண்டு விரலை அது வாயில வெச்சுக்கிட்டா. அது சப்பிக்கிட்டே வருது. விரல்ல பாலா வரும்? பாவம், அதுக்கு அது தெரியாது.

அப்புறம் மேட்டுல ஏறி நின்னு நாலு பக்கமும் பாத்தா. கெழக்கால வழியில ஆளு. மேற்கால வழியில ஆளு. ஏரியில படகு. ஒவ்வொரு குடிசையாத் தட்டித் தேடறாங்க. எங்க போவா?

காட்டுக்கு?

காட்டுல பால் உண்டா? நாளைக்கு விடியறதுக்குள்ள பிள்ளை வாடிடும். அவ யோசிச்சா. "எல்லா வீட்டையும் தேடறானே ருவாரி, தேடாத வீடு எது?"

எது?

அவன் வீடு.

அய்யோ!

ஆமா. அங்க ருவாரி பொண்டாட்டி ஷீலஸுக்குக் குழந்தை பொறந்திருக்கு. தவங்கெடந்து பெத்த ஆம்பளைப் பிள்ளை. பை வெச்ச நாயனம் ஒண்ணு ஊதுவாங்க அங்க, "ங்ங்ஙொய்ய்ய்"ன்னு, அதை ஊதினது ஏரி வரைக்கும் கேட்டுச்சு. அப்போ அந்த வீட்டுல பால் இருக்கு. மார்சலி மலை ஏறினா.

ம்.

கல்லுக் கோட்டை. வாசல்ல ரெண்டு நாயி, எருமைக் கன்னு ஒசரம். உர்ர்ர்ர். காவக்காரன் ஈட்டியை நீட்டினான்.

"யாரு?"

"விருந்து."

காவக்காரன் ஈட்டியை எறக்கிட்டான். ஏன்னா அந்த ஊர்ல ஒரு வழக்கம். விருந்துன்னு வந்து நின்னவங்களை, சாப்பிட வெக்கறதுக்கு முன்னாடி "உன் பேரு என்ன, எந்தக் கூட்டம்"னு கேக்கவே கூடாது. ஒரு வேளை எதிரியா இருந்துட்டா? சோறு மறுக்க வேண்டி வரும், அது கேவலம். சாப்பிட்டப்புறம் கேக்கலாம். ஆனா சாப்பிட்டவங்க எதிரியே ஆனாலும் அந்த வீட்டுல அவங்க மேல கை வெக்கக் கூடாது. நாமளும் உப்பிட்டவரை உள்ளளவும் நினைங்கறோம். அவங்க உப்பைத் தின்னவங்களையும் நினைப்பாங்க.

அவ உள்ள போனா. பெரிய கூடம். நடுவுல நெருப்பு. ருவாரி பெரிய நாற்காலியில உக்காந்திருக்கான். பக்கத்துல ஒரு கிழவரு, பேரு ஈவன். பல்லு ஒண்ணும் இல்லை, ஒரு காது செவிடு. ஆனா அவருதான் வம்சம் ஓதறவரு. நாட்டுல இருக்கற எல்லாக் கூட்டத்துக்கும் அப்பன், அப்பனுக்கு அப்பன்னு வரிசை வரிசையா அவரு நாக்குல இருக்கு. பொய்யா ஒரு அப்பன் பேரைச் சொன்னா, "அந்த ஆளுக்குக் கல்யாணமே ஆகலையே"ன்னு கப்புனு பிடிச்சிடுவாரு.

ஒரு வேலைக்காரி சூடா ஓட்ஸ் மாவுல தட்டின அடையைத் தட்டுல கொண்டாந்தா. வாசனை வருது. மார்சலி கையை நீட்டினா. ருவாரி சொன்னான்:

"அடையை வெக்காதே. அப்படியே பிடிச்சிக்கிட்டு நில்லு."

வேலைக்காரி நின்னுட்டா. அடையில ஆவி பறக்குது. அவன் மார்சலியை மேலயும் கீழயும் பாத்தான். பாவாடை ஓரமெல்லாம் கரி. எரிஞ்ச வீட்டுக் கரி.

"சாப்பிடாத விருந்துகிட்ட பேரு கேக்கக் கூடாது. நான் கேக்கலை. ஏன் பெரியவரே, அப்பன் பேரைக் கேக்கலாமா? அதைக் கேக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

கிழவரு தலையைச் சொறிஞ்சாரு. "அப்படி ஒண்ணும் இல்லை, தம்பி."

"அப்போ ஓதச் சொல்லுங்க. வம்சத்தைச் சொல்லட்டும். சொன்னப்புறம் அடையைப் பத்திப் பாப்போம்."

பாத்தியா அவன் புத்தியை? வழக்கத்தையும் மீறாம, வழியையும் அடைச்சிட்டான். பொய் சொன்னா கிழவரு பிடிப்பாரு. நெசத்தைச் சொன்னா கத்தி. சும்மா இருந்தா அடையும் இல்லை, பாலும் இல்லை.

நாயிங்க எந்திரிச்சு கிட்ட வந்துச்சுங்க. மோப்பம் பிடிக்குது. ஸ்னிஃப், ஸ்னிஃப்.

அவ கேட்டா: "ஐயா, செத்தவங்க பேரை ஓத ஆரம்பிச்சா, நடுவுல நிறுத்தலாமா?"

கிழவரு பதறிட்டாரு. "கூடாது, கூடாது! எங்க நிறுத்தறியோ அங்க நின்ன ஆவி திரும்பிப் போக வழி தெரியாம இந்த வீட்டுலயே உக்காந்துடும். என் குருநாதரு ஒரு தும்மல் போட்டாரு, ஒரு பாட்டன் ஒன்பது வருஷம் எங்க மாட்டுக்கொட்டாய்லயே இருந்தாரு. ஆரம்பிச்சா முடிச்சுதான் ஆகணும். குறுக்க யாரும் பேசவும் கூடாது."

"சரிங்க"ன்னா மார்சலி. நெருப்பைத் தாண்டி, உள் அறைக் கதவுகிட்டப் போயி நின்னா. வாசக் காத்துக்கு ஒதுங்கறான்னு நெனச்சாங்க. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் ஷீலஸ் படுத்திருக்கா, குழந்தையோட.

இப்ப கேளு. வழி பூரா பிள்ளை அழக் கூடாது, அழக் கூடாதுன்னு விரலைக் குடுத்துத் தூக்கிக்கிட்டு வந்தா. இப்ப அது அழணும். வீல்னு அழணும். உள்ள இருக்கற தாய் காதுல விழணும்.

அழுதுச்சா?

இரு. அவ குரலெடுத்தா.

"நான் ஷோனக்கோட மக. ஷோனக், வெள்ளத்துல சினை ஆட்டைத் தோள்ல போட்டு ஆத்தைத் தாண்டினவ."

கிழவரு நிமிந்தாரு. "ஷோனக்கா? அப்பன் பேரு..." சொல்ல வந்தவரு வாயைப் பொத்திக்கிட்டாரு. குறுக்க பேசக் கூடாதே!

மார்சலி மெதுவா விரலைத் தம்பி வாயிலேருந்து எடுத்தா. அழலை. உதட்டை மட்டும் அசைச்சுது, மீனு மாதிரி. பசியில அழறதுக்குக் கூட தெம்பு இல்லை அதுக்கு.

"ஷோனக், பேஹக்கோட மக. பேஹக், கூரை பறந்த வீட்டுல மழைக்குத் தன் முதுகைக் குடுத்து நாலு பிள்ளையைக் காப்பாத்தினவ."

கம்பளிக்குள்ள கையை விட்டுப் பிஞ்சுக் காலைக் கிள்ளினா. ஊஹூம். ஒரு முக்கல். அவ்வளவுதான்.

ருவாரி விரலால நாற்காலியைத் தட்டறான், டொக் டொக் டொக். "அப்பன் வரிசையைக் கேட்டா அம்மா வரிசையை..." கிழவரு அவன் வாயையும் பொத்தினாரு. "பாட்டி ஒருத்தி நடுவழியில நிக்கறா தம்பி! பேசாதே!" கிழவருக்கு ஒரு ஆசையும் வந்துடுச்சு. இவ்வளவு வயசுக்கு அவரு தாய் வரிசையைக் கேட்டதே இல்லை. சபையில ஆம்பளைங்க அப்பன் வரிசையை ஓதுவாங்க. தாய் வரிசையை அடுப்படியில அம்மா மகளுக்குச் சொல்லிக் குடுப்பா. அது கூடத்துக்கு வந்ததே இல்லை.

"பேஹக், எல்சட்டோட மக. எல்சட், ரெண்டு புருஷனைப் புதைச்சவ, மூணாவது புருஷனைத் துடைப்பத்தால துரத்தினவ."

அடைத் தட்டோட நின்ன வேலைக்காரி களுக்குன்னு சிரிச்சுட்டா. ஆனா மார்சலி சிரிக்கலை. வரிசையில இன்னும் ஒருத்திதான் பாக்கி. அதுக்கு மேல யாருன்னு அவ அம்மாவுக்கே தெரியாது. அந்த ஒருத்தியும் முடிஞ்சா, அடுத்தது அப்பன்.

"எல்சட்... எல்சட்..." இழுக்கறா. "எல்சட், உனாவோட... மக..."

பாவாடை மடிப்புல பனி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கையில எடுத்தா. "மன்னிச்சுக்கடா சாமி"ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, பிள்ளை வயித்துல வெச்சா.

ங்ங்ங்ங்ஙேஏஏஏ!

கேட்டுச்சு பாரு! கூடமே அதிர்ந்துச்சு! நாயி ரெண்டும் பின்வாங்குது. உள்ள இருந்த குழந்தையும் முழிச்சுக்கிட்டு ங்ஙே! இது ங்ஙே, அது ங்ஙே!

ம்ம்! அப்புறம்?

அப்புறம் கதவு படார்னு தெறந்துச்சு. ஷீலஸ். ஒரு கையில அழற பிள்ளை, கலைஞ்ச தலை, ரவிக்கை முன்பக்கம் பூரா ஈரம். பிள்ளை பெத்தவளுக்கு எந்தப் பிள்ளை அழுதாலும் பால் சுரந்துடும், அது சொன்ன பேச்சு கேக்காது.

"யாரு பிள்ளை இது, இப்படி அழுவுது? எனக்கு ரெண்டு பக்கமும் கட்டிக்கிட்டு நோவுது. கொண்டா இங்க!"

ருவாரி எந்திரிச்சான். "ஷீலஸ், தொடாதே. இவங்களுக்கு இந்த வீட்டுல சாப்பாடு இல்லைன்னு சொல்லியிருக்கேன்."

"சாப்பாடா? நான் என்ன அடையா தட்டறேன்? பாலு உங்க களஞ்சியத்துலயா இருக்கு?"

"சொன்னா கேளு!"

"நீங்க இதைக் கேளுங்க." பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டா, நெருப்பு பக்கத்துல உக்காந்தா, முந்தானையால மூடினா. அழுகை நின்னுச்சு. அப்புறம் சத்தம் மட்டும். சப்பு... சப்பு... மொடக்... மொடக்...

மார்சலி கண்ணை மூடிக்கிட்டா. ஒரு மூச்சு. அப்புறம் கண்ணைத் தெறந்து முடிச்சா. "உனா, கடல்லேருந்து தனியாக் கரையேறினவ. அதுக்கு முன்னாடி யாருன்னு கடலுக்குத்தான் தெரியும். இது என் தாய் வரிசை."

"இப்ப அப்பன்"னான் ருவாரி.

வம்சத்துல பொய் சொல்லக் கூடாது. சொன்னா, சொன்ன பேரெல்லாம் கழுத்தைப் பிடிக்கும்.

"என் அப்பன் டுகல். ஏரிக்கரைத் தலைவன். நான் மார்சலி, நிக்-ஏரன்."

நெருப்புல ஒரு கட்டை படக்குனு வெடிச்சுது. அப்புறம் அந்தச் சத்தம்.

ஷ்ர்ரிங்.

ம்... வெட்டிட்டானா?

கையைக் குடு. என் கை சூடா இருக்கா? ம். கேளு. ருவாரி கத்தியைத் தூக்கிக்கிட்டு ஒரு எட்டு வெச்சான். மார்சலி ஓடலை. நின்ன இடத்துல நின்னா.

"ஐயா, நீங்க இரும்பு மேல என்ன சத்தியம் பண்ணீங்க? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"மக்-ஏரன்னு ஒரு உசுரு மூச்சு விடாது!"

"பெரியவரே, மக்னா என்ன?"

"மகன்"னாரு கிழவரு.

"நான் மகனா?"

கிழவரு ருவாரியைப் பாத்தாரு. "தம்பி, இவ நிக். நீ மக்னுதான் சத்தியம் பண்ணினே. நான் பக்கத்துலதான் நின்னேன், நல்ல காதுலதான் விழுந்துச்சு."

ருவாரி பல்லை நறநறன்னு கடிச்சான். சத்தியம் பண்றப்போ ஆம்பளைங்களை மட்டும்தான் கணக்குல வெச்சிருந்தான். அந்த ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு அதுதான். "சரி. நீ நிக். நீ போ." அப்புறம் கத்தி நெருப்புப் பக்கம் திரும்புச்சு. "ஆனா அது மக்."

ஷீலஸ் அசையலை. ஒரு கையில அவ பிள்ளை, இன்னொரு கையில மார்சலி தம்பி. ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கமா குடிக்குதுங்க. சப்பு, சப்பு. அதுங்களுக்கு ஏரன் என்ன, டோர்வன் என்ன!

"வாங்க"ன்னா ஷீலஸ். குரல் நடுங்குது, ஆனா வாங்கன்னுதான் சொன்னா. "உங்க பிள்ளைக்குப் பக்கத்துல இருக்கான். அதே பாலு. வந்து வெட்டுங்க, உங்க பிள்ளை கண்ணு முன்னால."

கிழவரு ஊணு கோலைத் தரையில தட்டினாரு, டக்! "ருவாரி! ரத்தம் இருபது தலைமுறை, பாலு நூறு தலைமுறை. நம்ம தாத்தனுங்க சொன்னது. ஒரே மார்ல பால் குடிச்சவங்க அண்ணன் தம்பி. அவனை வெட்டினா உன் மகனோட தம்பியை வெட்டினவன் நீ. நூறு தலைமுறைக்கு உன் வம்சத்தை நாங்க யாரும் ஓத மாட்டோம்."

ருவாரி நின்னுட்டான். அப்ப அவன் மொகத்தைப் பாக்கணும். வெட்டினா பால் பழி. வெட்டாட்டி இரும்பு அவன் நெஞ்சைத் தேடி வரும். கத்தியைப் பிள்ளை பக்கம் ஒரு தடவை, தன் நெஞ்சுப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பாக்கறான். நெத்தியில வேர்வை. அந்தக் குளிர்ல வேர்வை!

"நான் என்ன பண்றது?"ன்னான். முணுமுணுன்னு, தனக்குத்தானே. "வெட்டினாலும் செத்தேன். வெட்டாட்டியும் செத்தேன்."

பயந்தவன் கையில கத்தி இருந்தா அது கோவக்காரன் கத்தியை விட மோசம். எந்தப் பக்கம் பாயும்னு அவனுக்கே தெரியாது. மார்சலிக்கு அது தெரிஞ்சுது.

அவ கேட்டா: "இந்தப் பிள்ளை மக்-ஏரன்னு யாரு சொன்னா?"

"உன் தம்பிதானே?"

"தம்பிதான். ஆனா இவனுக்குப் பேரு வெச்சிருக்கா? பெரியவரே, பேரு வெக்காத பிள்ளை எந்த வரிசையில வரும்?"

கிழவரு பொக்கை வாயைத் தெறந்தாரு, மூடினாரு. "எதுலயும் வராது. பேரு வெக்கறவங்க எந்த வரிசையில வெக்கறாங்களோ அது."

"பாதிரியாரு வர முடியாட்டி யாரு வெக்கலாம்?"

"பிள்ளையைக் கையில வெச்சிருக்கற பொம்பளை வெக்கலாம். அவசரத்துக்கு அதுவும் செல்லும்."

"இதை விட என்ன அவசரம் வரும், ஐயா?"

அவ ஷீலஸ் மடியிலேருந்து தம்பியைத் தூக்கினா. பாவாடை மடிப்புல கடைசியா இருந்த பனி, நெருப்புச் சூட்டுல உருகிக் கையில தண்ணியா நிக்குது. ஒரு நிமிஷம் அந்தத் தண்ணியைப் பாத்தா. ஏன்னா அவளுக்குத் தெரியும், இப்ப வாயைத் தெறந்தா அவ அப்பன் பேரு, தாத்தன் பேரு, ஏரிக்கரையில செத்துக் கெடக்கற அத்தனை பேரு பேரும் போயிடும். இனிமே சபையில ஒருத்தரும் அதைச் சொல்ல மாட்டாங்க. தண்ணி விரல் இடுக்குல சொட்டுது. சொட்டு... சொட்டு...

ம்...

பிள்ளை நெத்தியில தொட்டு வெச்சா.

"உன் பேரு ஆலன். உன் அம்மா செத்துட்டா, உன்னைத் தூக்கி வந்தவ நான். அதனால நீ என் மகன். நான் நிக். நிக்கோட மகன் நீ. ஆலன் மக்-நிக்."

கிழவரு அந்தப் பேரைப் பொக்கை வாயில போட்டு மென்னு பாத்தாரு. "மக்-நிக். மக்... நிக்." இதுக்கு முன்னாடி அந்த நாட்டுல யாரும் கேக்காத பேரு. "ம். நாக்குல நிக்குது. எழுந்து நிக்கிற பேருதான். என் காதுல விழுந்துடுச்சு, வரிசையில ஏறிடுச்சு."

மார்சலி ருவாரி பக்கம் திரும்பினா. "ஐயா, இந்த மலைக்கும் அந்த ஏரிக்கும் நடுவுல இப்ப மக்-ஏரன்னு ஒரு உசுரு கூட இல்லை. உங்க சத்தியம் நிறைவேறிடுச்சு. இரும்பை உறையில போடுங்க."

அவன் கிழவரைப் பாத்தான், கிழவரு ஆமான்னு தலையை ஆட்டினாரு. அப்புறம் ஒரு பெரிய மூச்சு விட்டான், புஸ்ஸ்ஸ்னு. கத்தி உறைக்குள்ள போச்சு. ஸ்ஸ்ஸக்.

வேலைக்காரி இன்னும் தட்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறா, கை மரத்துப் போயி. "இன்னும் ஏன் நிக்கறே?"ன்னான் ருவாரி. "ஆறிப் போனதை நாயிக்குப் போடு. விருந்துக்குச் சூடா கொண்டா." அடை வந்ததும் தன் கையாலயே அவ முன்னாடி வெச்சான். அவ சாப்பிட்டா. பாதியைக் கண்ணீரோட, பாதியைப் பசியோட.

அப்புறம் எல்லாரும் ஒவ்வொரு மூலையில ஒதுங்கினாங்க. ஷீலஸ் தன் பிள்ளையைத் தட்டிக் குடுத்துக்கிட்டே, "எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பாதிரியாரு வரட்டும்னு இருந்தேன், உன் பிள்ளை முந்திக்கிச்சு"ன்னா. நாயி ரெண்டும் மார்சலி காலடியில சுருண்டு படுத்துச்சுங்க. ருவாரி நெருப்பைப் பாத்து உக்காந்திருந்தான்.

தூங்கிட்டியா?

...ம்.

மார்சலி தம்பியை... இல்ல, மகனை... மடியில போட்டுக்கிட்டா. குனிஞ்சு அவன் காதுகிட்ட வாயை வெச்சு மெல்ல மெல்ல ஏதோ பாடினா.

"என்ன பாடற?"ன்னான் ருவாரி.

"தாலாட்டுங்க. பச்சைப் பிள்ளை, பாடினாத்தான் தூங்கும்."

ஈவன் கிழவரு அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. மொதல் சொல்லு காதுல விழுந்ததுமே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. மெதுவா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செவிட்டுக் காதை அவ பக்கம் வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டாரு.

அவ பாடினா. டுகல்... டுகலோட அப்பன் ஃபெர்கஸ்... ஃபெர்கஸோட அப்பன் ஐன்... அவன் அப்பன் கோரி... ஆராரோ ஆரிராரோ மாதிரி, ஒவ்வொரு பேரா, ஏரன் வரைக்கும், ஒருத்தரையும் விடாம, பிள்ளை காதுல மட்டும்.

...

கதையை அடுப்புல போட்டு மூடியாச்சு, கங்கு உள்ள இருக்கட்டும். நீ தூங்கு, கண்ணு.